மேசையும் மனிதரும்: கூட்டுப் பணியிடங்கள் பற்றிச் சில குறிப்புகள்

ஒரு மேசை, ஒரு கதிரை, இணைய வசதி, மூலையில் ஒரு கோப்பி இயந்திரம். இவற்றை மாதக் கட்டணத்துக்கு வாடகைக்கு விடும் இடங்களை இன்று மேற்குலகின் எல்லாப் பெரிய நகரங்களிலும் காணலாம். கோவேர்க்கிங் என்று அழைக்கப்படும் இவற்றை இக்கட்டுரையில் கூட்டுப் பணியிடம் என்று குறிப்பிடுகிறேன். மொழிபெயர்ப்பாளர், கணினி நிரலாளர், வடிவமைப்பாளர், கணக்காளர், எழுத்தாளர் எனத் தனித்தனியாக உழைத்துப் பிழைப்பவர்கள் ஒரே கூரையின் கீழ் அவரவர் வேலையைச் செய்யக் கூடும் இடம் இது. இவர்களுக்கு ஒரே முதலாளி இல்லை. ஒரே தொழிலும் இல்லை. அப்படியிருக்க, இவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைப்பது எது?

இக்கேள்வியை இப்பக்கங்களில் எழுப்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எம்மில் கணிசமானோர் இன்று தனித்து உழைப்பவர்கள். அகதி விசாரணைகளில் உரைபெயர்ப்பவர், கோப்புகளை மொழிபெயர்ப்பவர், புத்தகம் வடிவமைப்பவர், கணினித்துறையில் ஒப்பந்த வேலை செய்யும் எமது பிள்ளைகள் என்று இவ்வரிசை நீளும். தொழிற்சங்கம் எம்மை எட்டிப் பார்ப்பதில்லை. சக தொழிலாளி என்று சொல்ல எவருமில்லை. சமையலறை மேசையே எமது கந்தோர். இரண்டாவது, புதிய உறுப்பினர்களை ஈர்ப்பதற்கு இவ்விடங்கள் கையாளும் வழி 'சமூகத்தைக் கட்டுதல்' என்று பெயர் பெற்றிருக்கிறது. சமூகம் என்ற சொல்லைப் பல தசாப்தங்களாக மேடையிலும் பத்திரிகையிலும் உச்சரித்து வருபவர்கள் நாம். அச்சொல் ஒருபுறம் உண்மையான நடைமுறையாகவும் மறுபுறம் விற்பனைச் சரக்காகவும் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிவது எமக்கு அவசியம்.

நான் ஒரு மொழிபெயர்ப்பாளன். ஜேர்மன் நகரமொன்றில், பழைய அச்சகமொன்றின் இரண்டாம் மாடியில் உள்ள கூட்டுப் பணியிடத்தில் ஏழு வருடங்களாக உறுப்பினன். அதில் மூன்று வருடங்கள் புதியவர்களை வரவேற்கும் சிறு குழுவில் இருந்தேன். இங்கே எழுதுவதில் ஒரு பகுதி அந்த அனுபவத்திலிருந்து வருவது. மறுபகுதி இவ்வியக்கத்தின் வரலாற்றிலிருந்து வருவது.

1. யாரும் வராத முதல் மாதம்

கோவேர்க்கிங் என்ற சொல்லை 1999இல் பேர்னாட் டிகோவன் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் பயன்படுத்தினார். அவர் கருதியது இடத்தையல்ல; மனிதர்கள் சமமானவர்களாகச் சேர்ந்து வேலை செய்யும் முறையை. இன்றைய அர்த்தத்தில் இது தொடங்கியது 2005 ஆகஸ்ட் 9ஆம் திகதி, சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில். பிராட் நியூபர்க் என்ற இளம் நிரலாளருக்கு ஒரு முரண்பாடு இருந்தது. வேலைக்குப் போனால் சக மனிதர்கள் கிடைப்பார்கள், சுதந்திரம் போய்விடும். வீட்டிலிருந்து உழைத்தால் சுதந்திரம் இருக்கும், மனிதர்கள் இல்லை. இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதற்காக ஸ்பைரல் மியூஸ் என்ற பெண்ணியக் கூட்டு இல்லமொன்றில் வாரத்துக்கு இரண்டு நாட்கள் இடம் பெற்றார். மாத வாடகை 300 டொலர்.

முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. இடமும் மேசையும் நல்ல நோக்கமும் இருந்தன. ஆனால் ஆட்களைக் கொண்டுவர அவை போதவில்லை. வெளியே போய் மனிதர்களிடம் நேரில் பேசத் தொடங்கிய பின்னரே முதலாமவர் வந்தார், பின் இன்னும் சிலர். சேர்ந்து மதிய உணவு, சிறு தியான இடைவேளை, மாலை குறித்த நேரத்தில் எல்லோரும் வேலையை நிறுத்துவது என்று நாளுக்கு ஓர் ஒழுங்கும் அங்கே இருந்தது. ஏறத்தாழ ஒரு வருடத்தில் அவ்விடம் மூடப்பட்டது. ஆனால் 2006இல் அதே நகரில் ஹற் பக்ரறியும், கிறிஸ் மெசினாவும் தாரா ஹன்ற்றும் தொடங்கிய சிற்றிசன் ஸ்பேசும் தோன்றின. நியூபர்க் தனது யோசனைக்கு உரிமை கோரவில்லை. எவரும் எடுத்துத் தமது ஊரில் செய்யலாம் என்றார். இவ்வியக்கம் விரைவாகப் பரவியதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

2. கட்டிடத்துக்கு முன்னால்

இரண்டாவது பாடம் பிலடெல்பியாவிலிருந்து வருகிறது. அலெக்ஸ் ஹில்மன், ஜெவ் டிமாசி ஆகியோர் தொடங்கிய இன்டிபென்டன்ற்ஸ் ஹோல் 2007இல் கதவைத் திறந்தது. அதற்கு முன்பே மாதக்கணக்கில் அவர்கள் கோப்பிக் கடைகளில் ஆட்களைக் கூட்டினார்கள். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நகரத்தில் தனித்து உழைத்தவர்கள் அங்கே சந்தித்தார்கள், சேர்ந்து வேலை செய்தார்கள், பழகினார்கள். இடம் தேவை என்ற கோரிக்கை அப்பழக்கத்திலிருந்து எழுந்தது. கதவு திறந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம் இருந்தது. அது தனக்குரிய அறைக்குள் இடம்மாறியது, அவ்வளவுதான்.

இந்த வரிசைக்கிரமத்தின் பெறுமதி 2020இல் தெரிந்தது. கொரோனாத் தொற்றுக் காலத்தில் அவர்கள் தமது பெரிய கட்டிடத்தைக் கைவிட்டார்கள். உறுப்பினர்கள் கலைந்து போகவில்லை. இணையத்தின் வழியாக நாளாந்தத் தொடர்பைப் பேணினார்கள். கட்டிடத்தை மட்டும் விற்றுக்கொண்டிருந்த எத்தனையோ இடங்களுக்கு அவ்வருடம் விற்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

எம்மவர் மத்தியில் நூலகம், வாசகர் வட்டம், பண்பாட்டு நிலையம் என்று தொடங்கப்பட்ட முயற்சிகளில் நான் நேரில் அறிந்தவை மூன்று. மூன்றும் திறப்பு வாங்குவதில் தொடங்கின. வாடகைப் பாக்கியில் முடிந்தன. திறப்புவிழாவுக்கு வந்த கூட்டம் இரண்டாம் மாதத்தில் இல்லை. அவை நிலைக்காததற்கு எமது சனத்தின் அக்கறையின்மையைக் காரணம் சொல்வது எளிது. முதல் மாதம் ஒருவரும் வராத சான் பிரான்சிஸ்கோவையும் கதவுக்கு முன்பே கூட்டம் சேர்ந்த பிலடெல்பியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் தென்படும்.

3. வருவதும் தங்குவதும்

புதியவரை ஈர்ப்பது என்றவுடன் விளம்பரம், துண்டுப்பிரசுரம், இலவச நாள் என்றுதான் பலரும் யோசிக்கிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது உறுப்பினர் உள்ள இடத்திலிருந்து மாதம் நாலு பேர் விலகுகிறார்கள் என்று வைப்போம். நாற்பதிலேயே நிற்பதற்கு வருடத்துக்கு 48 புதியவர்கள் வேண்டும். விலகுவோர் இருவராகக் குறைந்தால் 24 பேர் போதும். விளம்பரத்துக்குச் செலவிடும் உழைப்பை இருப்பவர் தங்குவதற்குச் செலவிட்டால் புதியவரைத் தேடும் சுமை பாதியாகிறது. அதுமட்டுமல்ல. தங்கியவர்தான் அடுத்தவரை அழைத்து வருகிறார். எமது இடத்தில் நான் வரவேற்றவர்களில் பெரும்பாலானோர் யாரோ ஒரு நண்பரின் பெயரைச் சொல்லிக்கொண்டே கதவைத் தட்டினார்கள்.

அப்படியானால் ஏன் தங்குகிறார்கள்? 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்று இதற்கு ஒரு பதிலைத் தருகிறது. பொஸ்ரன் புறநகரொன்றில் புதிதாக வேலை மாறியவர்களை அவர் ஆராய்ந்தார். அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த அறிமுகத்தை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 வீதம் மட்டுமே. இடைக்கிடை சந்திப்பவர்கள் 55.6 வீதம். அரிதாகச் சந்திப்பவர்கள் 27.8 வீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது எமக்கும் தெரிந்திருக்கும். தெரியாத செய்தி தூரத்து அறிமுகத்திடமிருந்தே வரும்.

அகதி வாழ்வுக்கு இது நன்கு பொருந்துகிறது. நாம் வந்திறங்கியபோது எமக்கு வேலை எடுத்துத் தந்தவர்கள் உறவினரும் ஊரவரும். அந்தப் பிணைப்பு இல்லாவிட்டால் பலர் தெருவில் நின்றிருப்போம். ஆனால் அந்தப் பிணைப்பு எம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்கள் நின்ற அதே உணவகச் சமையலறைக்கும் அதே துப்புரவு வேலைக்கும்தான். அண்ணனுக்குத் தெரிந்த கதவு ஒன்றுதான். கூட்டுப் பணியிடத்தின் உண்மையான பயன் மேசையல்ல. நெருக்கமில்லாத, ஆனால் முகமறிந்த மனிதர்கள். எனக்கு நிலையாக மொழிபெயர்ப்பு வேலை தரும் பதிப்பகம், பக்கத்து மேசையில் இருந்த எரித்திரிய வரைகலைஞர் ஒருவர் கோப்பி இயந்திரத்தடியில் சொன்ன ஒரு வார்த்தையால் கிடைத்தது. அவருக்கும் எனக்கும் இன்றுவரை பெரிய நட்பு ஏதுமில்லை.

4. நடைமுறைகள்

இத்தகைய அறிமுகங்கள் தாமாக உண்டாவதில்லை. தலையில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு நாற்பது பேர் அருகருகே வருடக்கணக்கில் இருந்தும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் போகலாம். அதனால்தான் சில ஒழுங்குகள் தேவைப்படுகின்றன.

ரொறன்ரோவில் 2004இல் ஸ்படைனா வீதியில் தொடங்கப்பட்ட சமூகப் புத்தாக்க மையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரொன்யா சேர்மன் முன்னின்று நடத்திய இம்மையத்தில் வாரத்துக்கு ஒருநாள் 'சலாட் கழகம்' கூடும். ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் கொண்டுவருவார்கள், ஒருவர் தக்காளி, ஒருவர் இலைக்கறி. எல்லாம் ஒன்றாக வெட்டப்பட்டுப் பொதுவில் உண்ணப்படும். புதியவர் ஒருவர் கையில் கத்தியும் வெள்ளரிக்காயும் கொடுத்துவிட்டால் அவர் விருந்தாளி நிலையிலிருந்து மாறிவிடுகிறார். கட்டணம் செலுத்த வசதியில்லாதவர்களுக்கு வேறொரு வழியும் அங்கே வகுக்கப்பட்டது: வாரத்தில் ஒரு முறை வரவேற்பு மேசையில் நின்று வருவோரை வரவேற்றால் அதற்குப் பதிலாக வேலை செய்ய ஒரு மேசை. 2010இல் பாதர்ஸ்ற் வீதியில் கட்டிடமொன்றை வாங்குவதற்கு இம்மையம் சமூகப் பத்திரங்களை வெளியிட்டு 20 இலட்சம் டொலர் திரட்டியது. வங்கிக்கு மட்டும் கடன்படாமல், தன்னைச் சூழ இருந்த மக்களிடமே வட்டிக்குக் கடன் வாங்கியது. பல வருடப் பழக்கமும் நம்பிக்கையும் இல்லாத இடத்தில் இது நடந்திராது.

எமது சிறிய இடத்தில் மூன்று வருடங்களில் பயன்தந்தவை என்று நான் கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாளில் புதியவரைக் குறைந்தது மூன்று பேருக்கு, அவர்கள் செய்யும் தொழிலைச் சொல்லி அறிமுகம் செய்யவேண்டும். 'எல்லோரும் இவரை வரவேற்போம்' என்ற பொது அறிவிப்பால் எதுவும் நடப்பதில்லை. பெரிய விழாக்களிலும் பார்க்கச் சிறிய, தவறாத சந்திப்பு மேலானது. புதன்கிழமை பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்றால், மூன்று பேர் வந்தாலும் அது நடக்கவேண்டும். இரண்டாம் வாரத்துக்குள் புதியவருக்கு ஏதாவது ஒரு பொறுப்பு வேண்டும். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதாயினும் சரி. ஒருவர் இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது தொலைபேசி எடுத்து விசாரிக்கவேண்டும், சந்தாவைக் கேட்பதற்காக அல்ல. விலகிப் போகிறவரிடம் ஏன் என்று கேட்டு, அவர் சொல்வதைக் குறித்து வைக்கவேண்டும். இவற்றில் எதற்கும் அதிக பணம் தேவையில்லை. ஆனால் யாரோ ஒருவரின் நேரம் தேவை. அந்த நேரம் யாருடையது என்ற கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

5. சமூகம் என்ற சரக்கு

வீவேர்க் என்ற நிறுவனத்தைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரை முழுமையடையாது. 2010இல் நியூயோர்க்கில் அடம் நியூமனும் மிகேல் மக்கெல்வியும் தொடங்கிய இந்நிறுவனம், கட்டிடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்து, மாதக் கணக்கில் வாடகைக்கு விட்டது. வாடகையை வாங்கி வாடகைக்கு விடும் பழைய தொழில்தான். ஆனால் தான் விற்பது இடமல்ல, சமூகம் என்று அது உரக்கச் சொன்னது. 2019 ஜனவரியில் அதன் பெறுமதி 47 பில்லியன் டொலர் என்று கணிக்கப்பட்டது.

2018இல் முதலீட்டாளருக்கு அது காட்டிய கணக்கு சுவாரசியமானது. 2017இல் உண்மையான நட்டம் 933 மில்லியன் டொலர். ஆனால் 'சமூகத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட' வருமானம் என்று புதிதாக ஓர் அளவுகோலை உருவாக்கி, சந்தைப்படுத்தல், நிர்வாகம், வடிவமைப்பு முதலிய செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது 233 மில்லியன் இலாபம் வந்தது. செலவை மறைப்பதற்கு சமூகம் என்ற சொல் இதைவிட வெளிப்படையாகப் பயன்பட்டதாக நான் அறியேன். 2019இல் பங்குச் சந்தைக்கான ஆவணம் வெளிவந்தபோது, எதிர்காலத்தில் அது செலுத்தவேண்டிய குத்தகை 47.2 பில்லியன் டொலர் என்பதும், வாடகையாளர்களிடமிருந்து உறுதியாக வரவிருந்தது ஏறத்தாழ 4 பில்லியன் மட்டுமே என்பதும் தெரியவந்தது. அதே வருடம் செப்ரெம்பரில் நியூமன் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். பங்கு விற்பனை கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2024 ஜூனில் பல குத்தகைகளைக் கைவிட்டு, கடனைக் குறைத்துக்கொண்டு அதிலிருந்து வெளியே வந்தது.

இதிலிருந்து 'சமூகம் என்ற பேச்சே ஏமாற்று' என்ற முடிவுக்குச் சில நண்பர்கள் வருகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. வீவேர்க்கின் மேசைகளில் பழகிய மனிதர்களின் உறவு பொய்யல்ல. ஆனால் அந்த உறவை உருவாக்கியவர்களுக்கு இடத்தின் மீது எந்த உரிமையும் இருக்கவில்லை. வாடகை எவ்வளவு, கதவை எப்போது மூடுவது என்பதில் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை. உறுப்பினர் என்ற சொல்லுக்கும் வாடிக்கையாளர் என்ற சொல்லுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஓரிடம் தன்னைச் சமூகம் என்று அழைத்தால் நாம் முதலில் கேட்கவேண்டியது கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம் என்பதையே.

6. கண்ணுக்குத் தெரியாதவை

எவர் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்பதால் ஓரிடம் எல்லோருக்கும் திறந்ததாகிவிடாது. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்திலேயே இதை விளக்கினார். எழுதப்பட்ட அமைப்பு எதுவும் இல்லாத குழுக்களில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. அது பழைய நண்பர்களின் கைகளில், எவருக்கும் பொறுப்புச் சொல்லாமல் தங்கிவிடுகிறது என்பது அவர் வாதம். எமது அமைப்புகளைக் கண்டவர்களுக்கு இதை மேலும் விளக்கவேண்டியதில்லை. முடிவுகள் கூட்டத்தில் எடுக்கப்படுகின்றனவா, கூட்டத்துக்குப் பின் காருக்குள் எடுக்கப்படுகின்றனவா என்பதைப் புதியவர் ஒரு மாதத்தில் அறிந்துகொள்வார். அறிந்ததும் வரமாட்டார்.

அடுத்தது, முன்னே ஒத்திவைத்த கேள்வி. அறிமுகம் செய்வது, சாப்பாட்டை ஒழுங்குபடுத்துவது, வராதவரை விசாரிப்பது, கோப்பை கழுவுவது ஆகிய வேலைகள் பெரும்பாலும் யார் மேல் விழுகின்றன? எமது இடத்தில் ஒரு மாதம் எழுதி வைத்துப் பார்த்தோம். உறுப்பினரில் பாதிக்கும் குறைவான பெண்களே இவ்வேலைகளில் பெரும்பகுதியைச் செய்திருந்தனர். அதன்பின் அவ்வேலைகள் அட்டவணையிட்டுப் பகிரப்பட்டன. அதிக நேரம் தேவைப்படும் வரவேற்புப் பணிக்குக் கட்டணக் கழிவு கொடுக்கப்பட்டது. சமூகத்தைக் கட்டுவது உழைப்பு. உழைப்பு என்று ஒத்துக்கொண்டால்தான் அதைப் பகிரலாம்.

வெளியே உள்ளவர்களையும் பார்க்கவேண்டும். பேர்லினின் குறொய்ஸ்பேர்க் பகுதியில் கூகிள் நிறுவனம் தொடங்கவிருந்த இளம் நிறுவனங்களுக்கான வளாகத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். வாடகை உயரும், குடியிருப்போர் வெளியேற்றப்படுவார்கள் என்பது அவர்களது அச்சம். 2018 ஒக்ரோபரில் கூகிள் பின்வாங்கி, கட்டிடத்தைச் சமூகநல அமைப்புகளுக்கு விட்டுக்கொடுத்தது. மேசைக்காரர்களின் சமூகம் தெருவிலுள்ள சமூகத்தை இடம்பெயர்க்கலாம் என்பதை இடப்பெயர்வை அறிந்த நாம் மறக்கலாகாது.

7. எமது அறை

சேர்ந்து வேலை செய்யவும் வாசிக்கவும் ஓரிடம் வேண்டும் என்ற பேச்சு எம்மிடையே மீண்டும் எழுந்துள்ளது. இதற்கான முன்னுதாரணம் எம்மிடமே இருக்கிறது. 1988இல் ஜேர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்புக்குக் கட்டிடமில்லை, தலைவரில்லை, வங்கிக் கணக்கில்லை. நகரம் நகரமாக, நாடு நாடாக நகர்ந்து, 2013இல் யாழ்ப்பாணத்திலும் கூடியது. அதன் மீது எத்தனை விமர்சனம் இருந்தாலும், வாடகை கட்டிய பல அமைப்புகளைவிட அது நீண்டகாலம் வாழ்ந்திருக்கிறது.

எனவே எனது ஆலோசனை இது. இப்போது எதையும் வாடகைக்கு எடுக்கவேண்டாம். நகர நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ தொழிற்சங்கக் கட்டிடத்திலோ வாரத்துக்கு ஒருநாள், ஒரே கிழமை, ஒரே நேரம், அறையொன்றைக் கேட்டுப் பெறுவோம். அவரவர் வேலையை எடுத்துக்கொண்டு வருவோம். மதியம் சேர்ந்து சாப்பிடுவோம். ஆறு மாதம் தவறாமல் நடந்தால், மாதம் எவ்வளவு தரமுடியும் என்று வருபவர்களிடம் எழுத்தில் கேட்போம். தொகை வாடகையைத் தாண்டினால் மட்டும் திறப்பு வாங்குவோம். கணக்கு சுவரில் தொங்கவேண்டும். பிள்ளைகளோடு வருபவர்களுக்கென ஒரு நேரம் முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும்.

இரண்டு விடயங்களில் நண்பர்கள் என்னோடு முரண்படக்கூடும். ஒன்று, இது தமிழர்க்கு மட்டுமான இடமாக இருக்கவேண்டுமா என்பது. வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ் நூல்கள் இருக்கட்டும், தமிழில் பேசுவோம். ஆனால் குர்திய மொழிபெயர்ப்பாளரும் ஆப்கானிய நிரலாளரும் பக்கத்து மேசையில் இருந்தால்தான் எமக்குத் தெரியாத கதவுகள் தெரியவரும். மற்றது, பெயர்ப் பட்டியலும் புகைப்படமும். கூட்டுப் பணியிடங்கள் தம் உறுப்பினர் முகங்களைச் சுவரில் ஒட்டி விளம்பரம் செய்கின்றன. எம்மவரோ ஓரிடத்துக்கு வருமுன் 'அங்கே யார் யார் வருகினம்?' என்று கேட்பார்கள். அக்கேள்வியில் முப்பது வருடப் பயம் இருக்கிறது. ஊரிலுள்ள குடும்பத்தைப் பற்றிய கவலை இருக்கிறது. எனவே படம் எடுப்பதில்லை, வருகைப் பதிவு வைப்பதில்லை என்பது முதல் விதியாக இருக்கவேண்டும். ஆட்களைச் சேர்ப்பதற்கு அது தடை என்று சொல்லப்படலாம். எமது நிலைமையில் பலர் கதவைத் தாண்டி உள்ளே வருவதற்கு அந்த விதிதான் காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதவேண்டும்.